ஒரு நாள் விடிந்தால் 388 ரூபாய்

என் வேலையே அடுத்தவர் கடனைப் பார்த்துக்கொள்வதுதான். துவாக்குடி பக்கம் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். தகடு சப்ளை பண்ணுகிறவருக்கு எவ்வளவு பாக்கி, வெல்டிங் ராடு கடைக்குக் கொடுத்து எத்தனை நாள் ஆயிற்று, இந்த வாரம் பணம் போகாவிட்டால் காஸ் சிலிண்டர் வண்டி வருமா வராதா, எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதலாளி போன் பண்ணி, "இன்னைக்கு யாருக்கும்மா கொடுத்தே ஆகணும்?" என்றால் கம்ப்யூட்டரில் டேலியைத் திறக்காமலே பதில் வரும்.

அப்படிப்பட்டவள், சொந்த வீட்டில் மொத்தம் எவ்வளவு கடன் இருக்கிறது என்று 2021 ஜூன் வரை ஒருமுறைகூடக் கூட்டிப் பார்த்ததில்லை.

தெரியாது என்றில்லை. தனித்தனியாக எல்லாம் தெரியும். தவணை எந்தத் தேதி, கார்டுக்கு எந்தத் தேதி, சீட்டுப் பணம் எந்தத் தேதி என்று விரல்விட்டுச் சொல்வேன். கூட்ட மட்டும் மாட்டேன். கூட்டினால் அது ஒரு தொகை ஆகிவிடும். கூட்டாத வரை அது வெறும் தேதிகள்தான்.

இரண்டாவது அலை ஊரடங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜூன் 13. காலையில் காலண்டர் தாளைக் கிழித்துக் குப்பையில் போடப் போனவள், எதற்கென்று தெரியாமல் அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். அப்பாவின் இதய ஆபரேஷனுக்காக 2019 நவம்பரில் வாங்கிய பர்சனல் லோனில் பாக்கி 3,66,000. இரண்டு கிரெடிட் கார்டு, 1,12,000 ஒன்று, 38,000 ஒன்று. நகைக்கடன் 1,80,000. அதே ஆபரேஷனுக்காகத் தள்ளி எடுத்த சீட்டில் இன்னும் 14 மாதம் கட்ட வேண்டியது 70,000. ஆபீஸில் ஸ்டோர்ஸ் பார்க்கும் அண்ணனிடம் கைமாத்து 15,000. லால்குடி சித்தியிடம் 50,000.

8,31,000.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இது என்ன, உங்க கம்பெனி கணக்கா?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேர் சம்பளமும் சேர்த்து அப்போது 56,000. மாமனார் கட்டிய வீடு என்பதால் வாடகை இல்லை. அது ஒன்றுதான் நல்ல செய்தி.

அந்த 3,66,000-ஐப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் வாங்கியது 4 லட்சம், 14% வட்டி, 60 தவணை, மாதம் 9,307. மூன்று தவணை கட்டியிருந்தபோது கொரோனா வந்தது. எனக்குப் பாதிச் சம்பளம், அவருக்கு அதுவும் இல்லை. 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி மூன்று மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றது, பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை என்பது செப்டம்பரில் ஸ்டேட்மென்ட் எடுத்தபோது உறைத்தது. வாங்கினது 4 லட்சம், மூன்று தவணை கட்டியாயிற்று, பாக்கி 4,13,000. வட்டிக்கு வட்டி போட்ட வகையில் கொஞ்சம் பணத்தை அரசாங்கம் திருப்பித் தந்தது. ஒரு கிலோ மட்டன் வாங்கினோம்.

சரி, கூட்டியாயிற்று. இனி என்ன?

கடனை அடைக்க ஊக்கம் வேண்டும் என்று சொல்கிறவர்கள் ஊரில் ஏராளம். யூடியூபில் கோட் போட்டவர்கள் இருக்கிறார்கள். "கடனில்லா கஞ்சி கால் வயிறு" என்று சொல்லும் பெரியப்பா இருக்கிறார். கால் வயிறு கஞ்சி குடித்தவர் யாரும் அந்தப் பழமொழியைச் சொல்லி நான் கேட்டதில்லை. தினம் இரண்டு டீயை நிறுத்துங்கள் என்றார் ஒருவர். பன்னிரண்டு ரூபாய் டீ, நாளுக்கு இரண்டு, மாதம் 26 நாள், ஆக 624 ரூபாய். எங்கள் கடனுக்கு அது எண்ணெய்ச் சட்டியில் ஒரு சொட்டு. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த டீயும் இல்லையென்றால் என்னால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட முடியாது. டீ தொடர்ந்தது.

மொய்யைக் குறைக்கலாம் என்று நினைத்தேன். முடியாது. அவர்கள் நமக்கு வைத்தது நோட்டில் இருக்கிறது. யோசித்தால் அதுவும் கடன்தான், 8,31,000-இல் நான் சேர்க்காத கடன். வைகாசி, ஆவணி, தை வந்தால் அது தானாக எழுந்து வரும்.

அம்மா திருச்சேறைக்குப் போகச் சொன்னாள். கும்பகோணம் பக்கம், ருண விமோசன லிங்கேஸ்வரர் சன்னதி, பதினொரு திங்கட்கிழமை வேண்டிக்கொண்டால் கடன் தீரும் என்று. ஒரு திங்கள் போய் வந்தோம். மீதிப் பத்துக்கு லீவும் பஸ் காசும் கணக்குப் போட்டுப் பார்த்து, இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டுக்கொண்டேன். மாமியார் வாட்ஸ்அப்பில் மைத்ர முகூர்த்த நேரம் அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் அசலில் ஒரு சிறு தொகையாவது கொடுத்துவிட்டால் கடன் சீக்கிரம் அடையும் என்பது நம்பிக்கை. ஒரு நாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு அலாரம் வைத்து எழுந்து, கார்டுக்கு 500 ரூபாய் யுபிஐயில் போட்டேன். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது என்று பிறகு தோன்றியது. தவணை, வட்டி, மினிமம் என்று கடன் கொடுத்தவன் கேட்பதைக் கொடுப்பது வேறு. யாரும் கேட்காமல், நாமாகப் போய் அசலில் ஒரு கை வைப்பது வேறு. அந்த இரண்டாவது பழக்கத்தை முகூர்த்தம் என்ற பேரில் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் அதன் பிறகு நேரம் பார்க்கவில்லை, பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

எனக்கு உதவியது வேறொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை தாளில் கூட்டுத்தொகைக்குக் கீழே இன்னொரு கணக்கும் போட்டிருந்தேன். இந்தக் கடனெல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு எவ்வளவு வட்டி தின்கிறது? பர்சனல் லோன் 140. நகைக்கடன் 9 சதவீதம், 44. இரண்டு கார்டும் சேர்த்து 204. மொத்தம் 388.

8,31,000 என்ற எண்ணைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை, உடம்பு மரத்துப்போன மாதிரி இருந்தது. 388-ஐப் பார்த்தபோதுதான் கோபம் வந்தது. 8 லட்சத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. 388 ரூபாய் எனக்குத் தெரியும். அப்போது அது எங்கள் வீட்டின் மூன்று நாள் காய்கறி, பால். நான் தூங்கி எழுந்தால் போகிறது, ஞாயிற்றுக்கிழமையும் போகிறது, தீபாவளி அன்றும் போகும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதித் தாளின் பின்னால் அந்த ஒரே எண்ணை மட்டும் எழுதி, ஊக்கில் குத்தி, காலண்டர் ஆணியிலேயே மாட்டினேன். மொத்தப் பாக்கியை எழுதுவதில்லை. அது டேலியில் இருந்தது. ஆமாம், எங்கள் வீட்டுக்கும் ஒரு கம்பெனி திறந்து, சித்தி முதல் பேங்க் வரை எல்லோரையும் சண்ட்ரி கிரெடிட்டர்ஸில், அதாவது பாக்கி கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலில், போட்டுவிட்டேன். சித்திக்குத் தெரிந்தால் அடிப்பார்.

இந்த எண்ணில் என்ன விசேஷம் என்றால், எங்கே பணம் போட்டால் அது வேகமாக இறங்குமோ அங்கேதான் பணம் போடச் சொல்லும். கார்டைப் பாருங்கள். மாதம் மூன்றரை சதவீதம் என்பது கேட்கும்போது சின்னதாக இருக்கும். ஒரு லட்சம் பாக்கி என்றால் மாத வட்டி 3,500, அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 630, ஆக 4,130. அவன் கேட்கும் மினிமம் 5,000. நாம் 5,000 கட்டிவிட்டு நிம்மதியாகப் படுக்கிறோம், அசலில் குறைந்தது 870 ரூபாய். போதாததற்கு, பழைய பாக்கி இருக்கும் வரை புதிதாகத் தேய்க்கும் மளிகைக்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். வட்டி இல்லாத அந்த ஐம்பது நாளெல்லாம் முழுப் பாக்கியையும் கட்டுகிறவர்களுக்குத்தான். கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆக அந்தப் பக்கமிருந்து காப்பாற்ற யாரும் வரப்போவதில்லை.

அப்படியிருந்தும் நான் முதலில் அடைத்தது கார்டை அல்ல. ஸ்டோர்ஸ் அண்ணனின் 15,000-ஐ. அதற்கு வட்டியே கிடையாது, 388-இல் ஒரு பைசாவும் அது குறைக்காது. ஆனால் அவர் எனக்கு எதிர் நாற்காலி. ஒன்பது மாதமாக அவர் "என்னம்மா, சாப்டாச்சா?" என்று கேட்டாலே அடுத்து பணத்தைக் கேட்கப் போகிறார் என்று வயிறு இழுக்கும். பாவம், அவர் சாப்பாட்டை மட்டும்தான் கேட்டிருக்கிறார். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்தில் கொடுத்தேன். அதற்குப் பிறகு மதியச் சாப்பாடு எனக்கு ருசித்தது.

அடுத்தது 38,000 கார்டு. இரண்டு கார்டுக்கும் ஒரே வட்டிதான், எதில் போட்டாலும் கணக்கு ஒன்றுதான். சின்னதை எடுத்ததற்குக் காரணம், அது முடியும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. 2012-இல் டேவிட் கேல், பிளேக் மெக்ஷேன் என்று இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் நிறையக் கடன்காரர்களின் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். பாக்கித் தொகை எவ்வளவு என்பதைவிட, எத்தனை கணக்கை முழுதாக மூடியிருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒருவர் கடைசி வரை அடைத்து முடிப்பாரா என்று நன்றாகச் சொல்ல முடிந்ததாம். நான் இதைப் படித்தது பிறகுதான். 2021 தீபாவளிக்கு வந்த இரண்டு போனஸையும் அதில் கொட்டி மூடியபோது, எனக்குத் தெரிந்ததெல்லாம், மாதாமாதம் போனில் வரும் மெசேஜில் ஒன்று குறைந்தது என்பதுதான்.

பெரிய கார்டு 2022 டிசம்பர் வரை இழுத்தது. நடுவில் ஆகஸ்டில் சீட்டு முடிந்ததும் அந்த 5,000-ஐ வீட்டுக்குள் வர விடாமல் அப்படியே கார்டுக்குத் திருப்பினேன். இதை மட்டும் கண்டிப்பாகச் செய்தேன். ஒரு கடன் முடிந்த மாதம் வீட்டுக்குள் வரும் காசு விருந்தாளி மாதிரி, ஒரு வேளை தங்கிவிட்டால் பிறகு கிளப்ப முடியாது.

இதற்கிடையில் ஒரு போன். கார்டுக் கடனில் அறுபது சதவீதம் கட்டினால் செட்டில்மென்ட் பண்ணிவிடலாம் என்றான் பேசிய பையன், ரொம்ப அன்பாக. நாற்பதாயிரம் மிச்சம் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. நான்தான் வேண்டாம் என்றேன். அப்படி முடித்தால் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும், 'குளோஸ்டு' என்று விழாது. நாளைக்கு எங்கள் பையன் படிப்புக்கு லோன் கேட்டுப் போனால் அந்த ஒரு வார்த்தைதான் முதலில் கண்ணில் படும். முழுக் கையும் உடைந்து, மாதத் தவணையே கட்ட முடியாமல் நிற்பவர்களுக்கு அது ஒரு வழியாக இருக்கலாம். எங்களுக்குக் கை வலிதான், உடையவில்லை.

2023 ஜனவரி ஒன்றாம் தேதித் தாளில் 146 என்று எழுதினேன். 388-இலிருந்து 146. மொத்தக் கடன் அப்போதும் 4,96,000 இருந்தது, நாற்பது சதவீதம்தான் குறைந்திருந்தது. ஆனால் தினசரித் தீனி அறுபது சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. அவரைக் கூப்பிட்டு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது பத்மஸ்ரீ.

சரியாக ஆறு வாரம் கழித்து நான் வாஷிங் மெஷின் வாங்கினேன்.

பழையது கெட்டுப்போகவில்லை. சத்தம் போட்டது, அவ்வளவுதான். மூன்று வருடமாகத்தான் போட்டது. ஆனால் கார்டை முழுதாக அடைத்த அந்த மாதமே பேங்கிலிருந்து மெசேஜ். உங்கள் வரம்பை உயர்த்துகிறோம், சம்மதம் என்றால் இங்கே தொடவும். தொட்டேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் துணி துவைக்கிற ரூமில் நின்றுகொண்டு, இந்தச் சத்தத்தை இனி ஒரு நாள்கூடத் தாங்க முடியாது என்று எனக்கு நானே நிரூபித்துக்கொண்டேன். 28,000 ரூபாய், நோ காஸ்ட் இஎம்ஐ, ஒன்பது மாதம். கடைப் பையன் "வட்டியே இல்ல மேடம்" என்றான். கணக்கு எழுதுகிறவளுக்கு அது பொய் என்று தெரியும். வட்டியைத் தள்ளுபடி என்று முன்பக்கம் கழித்துவிட்டுப் பின்பக்கம் வசூலிப்பார்கள், அந்த வட்டிக்கு ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் தனியாக வரும். தெரிந்தும் தலையை ஆட்டினேன்.

அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெஷினைப் பிரித்த அட்டைப்பெட்டியை மடித்துப் பரணில் வைத்தார். திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மார்ச் ஒன்றாம் தேதி தாள் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. என் கணக்குப்படி நோ காஸ்ட் இஎம்ஐக்கு வட்டி பூஜ்யம். அதாவது 28,000 புதுக்கடன் வாங்கியும் என் எண் ஏறவில்லை. 141 என்று சமர்த்தாக இறங்கியிருந்தது. நான் தேர்ந்தெடுத்த எண்ணிலேயே ஓட்டை இருந்திருக்கிறது, அந்த ஓட்டை வழியாகத்தான் நான் வெளியே போய் வந்திருக்கிறேன். வீட்டில் வேறு யாருக்கும் புரியாத அளவுக்கு அழகாக என்னை நானே ஏமாற்றியிருந்தேன்.

ஓட்டை ஒன்று தெரிந்ததும் இன்னொன்றும் தெரிந்தது. சித்தியின் 50,000. அதற்கும் வட்டி கிடையாது, அதனால் என் எண் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சித்தி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்காதவரிடம் போவது கேட்பவரிடம் போவதைவிடக் கஷ்டம். ஒரு காதுகுத்துக்கு, ஒரு அறுபதாம் கல்யாணத்துக்கு, சித்தி வருவார் என்று தெரிந்து நான் போகாமல் இருந்திருக்கிறேன். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரலில் முழுப் பணத்தையும் எடுத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி லால்குடி போனேன். வழியெல்லாம் மனசில் ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கவரை நீட்டுவேன், சித்தி "ஏண்டி, இப்ப என்ன அவசரம், நீ வெச்சுக்கோ" என்பார், நான் வற்புறுத்துவேன், இரண்டு பேரும் கண் கலங்குவோம்.

சித்தி கவரை வாங்கினார். திண்ணையில் உட்கார்ந்து எண்ணினார். எச்சில் தொட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். "சரியா இருக்கு" என்று சொல்லி உள்ளே போய் பீரோவைப் பூட்டிவிட்டு வந்தார். பிறகுதான், "காபி குடிக்கிறியா?" என்றார். அந்தப் பணம் அவருக்கு இத்தனை வருடமும் வேண்டியிருந்திருக்கிறது. நான் அவருடைய பெருந்தன்மை என்று நினைத்தது என் வசதிக்கு நினைத்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

அந்த 2023-ஐப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. கடனை அடைக்க ஆரம்பித்த கதை எல்லோரிடமும் இருக்கிறது, முடித்த கதையும் இருக்கிறது. நடுவில் ஒன்றுமே நடக்காது. ஜனவரி 146, பிப்ரவரி 144, மார்ச் 141, ஏப்ரல் 139. சித்திக்குச் சேர்த்த மாதங்களில் என் எண் நத்தை மாதிரி ஊர்ந்தது. தவணைக் கணக்கின் அமைப்பும் அப்படித்தான். 4 லட்சம், 14 சதவீதம், 60 தவணை என்றால் முதல் மாதம் கட்டும் 9,307-இல் பாதிக்கு மேல் வட்டிக்கே போகும். 30 தவணை கட்டி, பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று நிமிர்ந்து பார்த்தால் அசலில் 2,34,000 அப்படியே உட்கார்ந்திருக்கும். பாதி அசல் தீர 35 மாதத்துக்கு மேல் ஆகும். இதைத் தெரியாதவன் 30-ஆவது மாதம் மனசு விட்டுப்போவான். தெரிந்த நானே விட்டுப்போனேன்.

1930-களில் கிளார்க் ஹல் என்ற உளவியல்காரர் எலிகளைப் பாதையில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். தீனி நெருங்க நெருங்க எலி வேகமாக ஓடியது. சரி, ஆனால் பாதை மூன்று வருட நீளம் என்றால் எலி என்ன செய்யும்? பாதையை வெட்ட வேண்டியதுதான். அதை நான் தெரிந்து செய்யவில்லை, நகைக்கடன் கவுன்டரில் தற்செயலாக நடந்தது.

எட்டுப் பவுன் அடகில் இருந்தது. என் தாலிக்கொடி ஐந்து பவுன், வளையல் மூன்று பவுன். வருடா வருடம் ஜனவரியில் வட்டியைக் கட்டித் திருப்பி வைப்போம். 2023 ஜனவரியில் போனபோது கவுன்டரில் இருந்தவர், "பவுன் விலை ஏறியிருக்கும்மா, இதே நகைக்கு இன்னும் எழுபதாயிரம் கிடைக்கும், போட்டுடவா?" என்றார், வெற்றிலை பாக்குக் கொடுக்கிற மாதிரி. நகைக்கடனின் விஷமே அதுதான். தங்கம் விலை ஏறினால் நாம் பணக்காரர் ஆகிவிட்டதாகத் தோன்றும், ஏறினது கடன் வாங்கும் தகுதி மட்டும். வேண்டாம் என்றேன். பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மா, முன்பின் தெரியாதவர், என் காதோரம் வந்து, "ஒரே கடனா வைக்காத, வளையலைத் தனியா, கொடியைத் தனியா வை. ஒண்ணை முதல்ல மீட்டுக்கலாம்" என்றார். 65,000 ஒன்று, 1,15,000 ஒன்று என்று இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னேன்.

அந்த அம்மா யாரோ. எந்த யூடியூப் கோட்டும் அவருக்கு ஈடில்லை.

செப்டம்பரில் வளையல் வந்தது. 2024 ஏப்ரலில் கொடி. மூன்று வருடத்துக்கு மேல் மஞ்சள் கயிறோடுதான் இருந்தேன். கல்யாண வீடுகளில் முந்தானையைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொள்வது கை தானாகச் செய்கிற வேலை ஆகியிருந்தது. "பத்திரமா லாக்கர்ல வெச்சிருக்கேன்" என்று கேட்டவர்களிடம் சொல்லியிருக்கிறேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது, லாக்கரில்தான் இருந்தது.

மதிப்பீட்டாளர் பையைக் கொண்டுவந்து நூலை வெட்டினார். எடை போட்டுச் சீட்டோடு ஒத்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிப் பார்க்கிறேன், கொடியின் கண்ணிகளுக்குள் மஞ்சள் காய்ந்து பொடியாக ஒட்டியிருந்தது. அடகு வைக்கக் கழற்றிய அன்று காலையில் குளித்துப் பூசிய மஞ்சள். கொடி உள்ளே போனபோது பவுன் 38,000 வாக்கில் இருந்தது, வெளியே வந்தபோது 50,000-ஐத் தாண்டியிருந்தது. அதையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். அங்கே நின்றபோது, இந்த மஞ்சளைத் தேய்த்துக் கழுவுவதா வேண்டாமா என்பதுதான் யோசனை. கழுவவில்லை.

மீதி பர்சனல் லோன்தான். ஜூனில் பள்ளிக் கட்டணம் குறுக்கே வந்தது. தவணை போக மிச்சத்தை ஆர்.டி.யில் சேர்த்து, 2025 ஜனவரியில் பாக்கி 87,600 இருந்தபோது ஒரேயடியாக முடிக்கப் போனோம். முன்கூட்டி முடிக்க 3 சதவீதக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, எல்லாம் சேர்த்து 3,101 ரூபாய். முடிக்காமல் இன்னும் பத்து மாதம் இழுத்திருந்தால் வட்டி 5,700 சொச்சம். ஆக, நான் மிச்சம் பிடித்தது 2,600 ரூபாய்தான். அதற்காக முடிக்கவில்லை. இன்னும் பத்து தாள் எழுத எனக்குத் தெம்பில்லை.

பாக்கியில்லாச் சான்று பத்து நாளில் வந்தது. அது வந்ததும் ஓய்ந்துவிடாமல், இரண்டு மாதம் கழித்து சிபிலையும் ஒருமுறை பாருங்கள். ஆண்டுக்கு ஒரு அறிக்கை இலவசம். எங்கள் சின்னக் கார்டு மூடி மூன்று வருடம் ஆகியும் திறந்தே இருப்பதாகக் காட்டியது, எழுதிப் போட்டுத் திருத்தினோம்.

ஊக்கில் குத்தியது மொத்தம் 44 தாள். கடைசித் தாளில் 0 எழுதி மாட்டியபோது அவர் ஊரில் இல்லை. போட்டோ எடுத்து அனுப்பினேன். கட்டைவிரல் பொம்மை ஒன்று வந்தது. டேலியில் சண்ட்ரி கிரெடிட்டர்ஸைத் திறந்தேன், காலியாக இருந்தது. ஆபீஸில் அப்படிக் காலியாக இருந்தால் எங்கேயோ என்ட்ரி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். பழக்க தோஷம், இரண்டு தடவை சரிபார்த்தேன்.

பிப்ரவரி மூன்றாம் தேதி காலை, 9,307 பிடித்தம் என்று வரும் மெசேஜ் வரவில்லை. மத்தியானம் வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொகையை அப்படியே ஆர்.டி.யில் போட வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். எனக்கே தெரியும், போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அப்பாவுக்குக் கண்ணாடி மாற்றினோம், பையனுக்கு ஒரு செருப்பு, எல்லோருமாகச் சமயபுரம் போய் வந்தோம். மறுநாள் மூன்று பிரியாணி. மீதி 412 ரூபாய் இன்னும் அஞ்சறைப் பெட்டியில் கிடக்கிறது.

ஆர்.டி. மார்ச்சிலிருந்து.